கிளேட்டன் வீட்டுப் பாதையின் அகலம்

டிராக்டரின் முன்னால் எதைப் பொருத்துவதாக இருந்தாலும் முதலில் பின்னால் எடை கட்ட வேண்டும். பலர் இதை மறந்துவிடுகிறார்கள். முன்பக்கம் பளு ஏறினால் பின்சக்கரங்கள் தரையிலிருந்து லேசாகத் தூக்கிக்கொள்ளும். பிடிப்பு போய்விடும். பனியில் பிடிப்பு போன டிராக்டர், எண்ணெய் கொட்டிய தரையில் நிற்கிற மாடு மாதிரி நாலு பக்கமும் காலைப் பரப்பும். நான் ஒரு இரும்புப் பீப்பாயில் கான்கிரீட் ஊற்றிப் பின்பக்கம் மாட்டியிருக்கிறேன். போகும்போது பார்த்துவிட்டுப் போ, கிறிஸ்டா.

நீ கேட்டது பீப்பாயைப் பற்றி அல்ல என்று எனக்குத் தெரியும். சனிக்கிழமை கிளேட்டன் ட்ரெம்பாத்தின் சவுனா, அந்த நீராவிக் குளியல் குடில், தீப்பிடித்தபோது தீயணைப்பு வண்டியால் ஏன் உள்ளே போக முடியவில்லை, அவன் வீட்டுப் பாதை ஏன் அவ்வளவு குறுகலாக இருந்தது என்று கேட்டாய். ஷெரிஃப் உடுப்பில் வந்திருந்தாலும் நான் ஓட்டிய பள்ளிப் பேருந்தில் முன் இருக்கைக்காகச் சண்டை போட்ட பிள்ளை நீ. அதனால் ‘நீ’ என்றே பேசுகிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதே. அகலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் பிளேடிலிருந்து தொடங்க வேண்டும். காபி ஊற்றிக்கொள். ஏலக்காய் ரொட்டி நேற்றுச் சுட்டது.

என் டிராக்டர் சின்ன ரகம். தோட்ட வேலைக்கும் விறகு இழுக்கவும் வாங்கியது. நாலடிக்குக் கொஞ்சம் கூடுதல் அகலம், அவ்வளவுதான். முன்னால் லோடர் உண்டு. லோடர் என்றால் இரண்டு இரும்புக் கைகள், கைகளின் நுனியில் மண் அள்ளுகிற வாளி. பல வருஷம் அந்த வாளியாலேயே பனி தள்ளினேன். ஆனால் வாளிக்கு அள்ளத்தான் தெரியும், ஒதுக்கத் தெரியாது. நிரம்பியதும் நிற்க வேண்டும், பின்னால் வர வேண்டும், எங்கேயாவது கொண்டுபோய்க் கவிழ்க்க வேண்டும். பிளேடு அப்படியல்ல. அது வளைந்த தகடு. சாய்த்து வைத்து ஓட்டினால் பனி அதன்மேல் ஏறி, பாய் சுருட்டுவதுபோலச் சுருண்டு, ஓரத்தில் போய் விழுந்துகொண்டே இருக்கும். நாம் நிற்காமல் போய்க்கொண்டே இருக்கலாம்.

அக்டோபரில் பராகாவில் ஒருவர் பழைய ஜீப்பிலிருந்து கழற்றிய பிளேடு ஒன்றை விற்றார். ஆறடி நீளம். மஞ்சள் பெயிண்ட் பாதி போயிருந்தது. கொண்டுவந்து டிராக்டருக்கு எதிரே வைத்துப் பார்த்தேன். முதல்முறை சந்திக்கிற சம்பந்திகள் மாதிரி இரண்டும் ஒட்டாமல் நின்றன. ஜீப்பின் வயிற்றில் மாட்டுவதற்காகச் செய்த சட்டம் லோடரின் கையில் எப்படி உட்காரும்?

உட்கார வைக்கலாம். லோடர் கைகளின் நுனியில் ஒரு தகடு இருக்கிறது. அதற்கு மேலே ஒரு விளிம்பு, கீழே இரண்டு பின்கள். வாளியின் முதுகில் அந்த விளிம்புக்கு ஏற்ற மடிப்பு இருக்கும். விளிம்பை மடிப்புக்குள் விட்டுக் கைகளைத் தூக்கினால் வாளி தானாக வந்து சாய்ந்துகொள்ளும். பின்களை இறக்கினால் முடிந்தது. ஆகவே பிளேடின் முதுகிலும் அதே மாதிரி மடிப்புள்ள ஒரு தகட்டை வெல்டிங் செய்துவிட்டால் போதும். எனக்கு வெல்டிங் வராது. கிளேட்டனுக்கு வரும். வாழ்நாள் முழுக்க அதையே செய்து ஓய்வு பெற்றவன்.

இந்தச் சாலையில் எங்கள் இரண்டு வீட்டைத் தவிர வேறு வீடு இல்லை, உனக்கே தெரியும். அவன் மனைவி காலமான பிறகு, இருபது வருஷமாக, சாயங்காலமானால் அவன் இங்கே இருப்பான், அல்லது நான் அங்கே இருப்பேன். கிரிபேஜ் பலகை, ஒரு கட்டுச் சீட்டு, பலகையின் துளைகளில் நகர்த்த ஆளுக்கு இரண்டு குச்சி. நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நேரம் கிடைக்கவில்லை.

கிளேட்டன் என் கொட்டகைக்கு வந்து முகமூடியை இறக்கிக்கொண்டு வேலையை ஆரம்பித்தான். நான் தகட்டைப் பிடித்துக்கொண்டேன். அவன் தாத்தா கார்னிஷ்காரர், என் தாத்தா பின்லாந்துக்காரர்; இரண்டு பேரும் கடல் தாண்டி இங்கே சுரங்க வேலைக்கு வந்தவர்கள்.

“நேராப் பிடிடா. திருதிருன்னு முழிக்காத.”

“நேராத்தான் பிடிச்சிருக்கேன். உன் கண்ணுதான் கோணல்.”

“பின்லாந்துக்காரன் எதையும் நேராப் பிடிச்சதா சரித்திரமே இல்ல.”

“கார்னிஷ்காரன் நிமிந்து நின்னதா சரித்திரம் இருக்கா? உங்க தாத்தா சுரங்கத்துல குனிஞ்ச குனி, உனக்கு இன்னும் நிமிரல.”

“உங்க தாத்தா எங்க தாத்தாவுக்கு வண்டி தள்ளினவருடா. மரியாதையா பேசு.”

இப்படியே ரெண்டு நாள். வேலை சுத்தமாக முடிந்தது. அந்த வெல்டிங்கில் எனக்குப் பங்கு கிடையாது, பாராட்டு முழுக்க அவனுக்குத்தான். அடுத்தது பிளேடைத் திருப்புகிற வேலை. பிளேடின் பின்னால் இரண்டு எண்ணெய்த் தண்டுகள் உண்டு. ஒன்று நீண்டால் மற்றது சுருங்கும். அப்போது பிளேடு இடமோ வலமோ முகம் திருப்பும். அதற்கு எண்ணெய் அழுத்தம் வேண்டும். லோடரில் வாளியைக் கவிழ்க்க ஏற்கெனவே இரண்டு எண்ணெய்க் குழாய்கள் போகின்றன. நடுவே ஒரு வால்வை வைத்து, லீவரின் தலையில் ஒரு பொத்தான் வைத்தோம். பொத்தானை அழுத்திக்கொண்டு லீவரைச் சாய்த்தால் எண்ணெய் வாளிக்குப் போகாமல் பிளேடுக்குப் போகும். முதல்முறை அழுத்தியபோது பிளேடு மெதுவாக இடதுபக்கம் திரும்பியது, பிறகு வலதுபக்கம். இரண்டு பேரும் சின்னப் பிள்ளைகள் மாதிரி மாறிமாறி அழுத்திப் பார்த்தோம்.

ஸ்பிரிங்கைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். பிளேடின் முதுகில் தடித்த ஸ்பிரிங்குகள் இருக்கும். கீழ் விளிம்பு கல்லிலோ கட்டையிலோ இடித்தால் பிளேடு முன்பக்கம் குனிந்து தடையைத் தாண்டிவிட்டு மறுபடி நிமிரும். அது இல்லாவிட்டால் இடி முழுவதும் லோடரின் கைகளுக்குப் போகும். லோடரின் கைகள் தூக்குவதற்கு வலுவானவை, பக்கவாட்டில் வாங்குகிற அடிக்கு நோஞ்சான்.

ஸ்பிரிங்கை முடுக்கிக்கொண்டிருந்தபோதுதான் கிளேட்டன் முகமூடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு சொன்னான்.

“ஈஸ்டர் முடிஞ்சதும் நான் லேக் லிண்டன் போயிடறேன்டா.”

“என்ன வாங்கணும்?”

“வாங்கறதுக்கு இல்ல. இருக்கறதுக்கு. லோரெட்டா வீட்ல. இங்க என் வீட்டை வித்துடலாம்னு இருக்கேன்.”

லோரெட்டா பெல்டியரை நீ பார்த்திருப்பாய். தேவாலயத்தில் வெள்ளிக்கிழமை மீன் விருந்து நடக்கும்போது உருளைக்கிழங்கு பரிமாறுகிறவர். நல்ல பெண்மணி. கிளேட்டன் வசந்தகாலத்திலிருந்தே வாரம் தவறாமல் மீன் சாப்பிடப் போய்க்கொண்டிருந்தான். அவனுக்கு மீன் பிடிக்காது. நான்தான் அதைக் கவனித்திருக்க வேண்டும்.

“நல்லது. இந்தப் பக்கத்தையும் முடுக்கு,” என்று சொல்லி ஸ்பேனரைக் கொடுத்தேன். எனக்குச் சந்தோஷம்தான். அதைப் பதிவு செய்துகொள்.

நவம்பரில் அவனுக்குத் தோளில் அறுவைசிகிச்சை. ஒரு கையால் வண்டி ஓட்டலாம், ஆனால் மண்வாரியைத் தொடக் கூடாது, பனி ஊதும் இயந்திரத்தைத் தொடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். “உன் பாதையையும் நானே எடுத்துடறேன்” என்றேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. நானாகச் சொன்னேன். பக்கத்து வீட்டுக்காரன் என்றால் பின்னே எதற்கு?

இனி நம் ஊர்ப் பழக்கத்துக்கு வருவோம். இங்கே கீவனாவில் நவம்பரில் விழுந்த பனி ஏப்ரல்வரை நகராது. ஒதுக்குவதெல்லாம் ஓரத்திலேயே சேரும், சேர்ந்தது இறுகும், இறுகியதை அப்புறம் யாராலும் தள்ள முடியாது. புதுப் பனியை அதற்கு உள்பக்கமாகத்தான் போட முடியும். அதனால் முதல் இரண்டு மூன்று பனிக்கே கரையைத் தேவைக்கு மேல் தள்ளிவைத்துவிடுவோம். பத்தடிப் பாதைக்கு இருபதடி. தெரியாதவர்கள் பார்த்தால் விமானம் இறங்கப் போகிறதோ என்று நினைப்பார்கள். ஜனவரியில் அந்த இருபதடி பன்னிரண்டாகியிருக்கும், மார்ச்சில் பத்தாகியிருக்கும். அப்போது புரியும்.

என் பாதையில் கரையைத் தள்ளினேன். கிளேட்டன் பாதையில் தள்ளவில்லை. அதை ஒரு முடிவு என்று சொல்ல முடியாது. அன்றைக்கு இருட்டிக்கொண்டு வந்தது. ஒன்றைச் செய்யாமல் விடுவது குற்றமாகாது என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

அடுத்தது கோணம். இந்த வெண்ணெய்க் கத்தியைப் பார். மேசையில் இப்படிக் குறுக்காக வைத்துத் தள்ளினால் கத்தியின் முழு நீளத்துக்கும் ரொட்டித்தூள் ஒதுங்குகிறது. கொஞ்சம் சாய்த்துத் தள்ளினேன், பார்த்தாயா? அதே கத்தி, ஆனால் ஒதுங்கிய வழி குறைந்துவிட்டது. ஆறடிப் பிளேடைச் சாய்த்தால் ஐந்தடி சொச்சம்தான் எடுக்கும். அதனால்தான் போகும்போது ஒரு தடம், வரும்போது பக்கத்தில் இன்னொரு தடம் எடுக்க வேண்டும். நான் போன தடத்திலேயே திரும்பி வந்தேன். டீசல் மிச்சம்.

ஒரே நாளில் அப்படிச் செய்தால் குருடனுக்கும் தெரியும். ஒவ்வொரு பனிக்கும் கரையிலிருந்து ஒரு கையளவு உள்ளே தள்ளி ஓட்டினால் தெரியாது. கரையே உள்ளே நகர்ந்து வந்ததாகத்தான் தோன்றும். எல்லார் பாதையும் குளிர்காலத்தில் குறுகத்தானே செய்யும். பனியை யார் குற்றம் சொல்வார்கள்?

டிசம்பரில் கிளேட்டன் பிக்கப் வண்டியின் பக்கக் கண்ணாடிகளை மடக்கிக்கொண்டு போக ஆரம்பித்தான். கிறிஸ்மஸுக்கு முன்னால் ஒருநாள் என் கதவைத் தட்டினான். கையில் துணி போட்டு மூடிய தட்டு.

“இந்த வருஷம் ரொம்பத்தான் கொட்டுதுல்ல?”

“ஆமா, ரொம்பத்தான்,” என்றேன்.

“உனக்குத்தான் தினமும் வேலை. இந்தா, பாஸ்டி. சூடா இருக்கு.”

மாவுக்குள் இறைச்சியும் உருளைக்கிழங்கும் வைத்து மடித்துச் சுடுகிற பாஸ்டி அவன் பாட்டன் வழியில் வந்தது. கிளேட்டன் கையால் செய்ததை இருபது வருஷமாகச் சாப்பிடுகிறேன். பிட்டுப் பார்த்தேன். உள்ளே கேரட்.

“இது என்ன?”

“லோரெட்டா போடச் சொன்னா. லேசா இனிப்பா இருக்கும்.”

“உங்க தாத்தா உயிரோட இருந்திருந்தா…”

“செத்திருப்பாரு. தெரியும். சாப்பிடு.”

சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது. அடுத்த பனிக்கு ஒரு கைக்குப் பதில் ஒன்றரைக் கை உள்ளே ஓட்டினேன். இரண்டுக்கும் தொடர்பு இருப்பதாக நினைக்காதே, அன்று காற்று அதிகம்.

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை லேக் லிண்டனில் நடனம். கிளேட்டன் முகம் மழித்து, டை கட்டி, ஒற்றைக் கையால் வண்டியைக் கிளப்பிக்கொண்டு வந்தவன் பாதி வழியில் மாட்டிக்கொண்டான். புட்டியில் தக்கை மாதிரி. இரண்டு பக்கக் கதவும் திறக்கவில்லை. பின் கண்ணாடியைத் திறந்துகொண்டு வண்டியின் பின்பக்கச் சரக்குத் தொட்டிக்குள் ஊர்ந்து வந்தான். டை மட்டும் கலையவில்லை. நான் டிராக்டரைக் கொண்டுபோய்ச் சங்கிலி கட்டினேன்.

“முன்னாடி இழுடா. ரோட்டுக்கு.”

“முன்னாடி இழுத்தா ரெண்டு பக்கமும் சிராய்ச்சிடும். பின்னாடி இழுக்கறதுதான் பத்திரம்.”

“பின்னாடின்னா வீட்டுக்கில்ல போகும்?”

“அதனாலென்ன? வீடு இருக்கிற இடம்தானே.”

பாதையை ஒட்டி மரங்களுக்குள் சுற்றிக்கொண்டு வீட்டுப்பக்கம் போய், அங்கிருந்து பின்னால் இழுத்தேன். தொழில்முறையில் பார்த்தால் அது சரியான தீர்மானம். அன்று சாயங்காலம் இருவரும் கிரிபேஜ் ஆடினோம். அவன் டையைக் கழற்றவில்லை. மூன்று ஆட்டம் நான் ஜெயித்தேன். வெகுநாள் கழித்து ஒரு நல்ல சனிக்கிழமை.

அடுத்த வாரம் லோரெட்டா வந்துவிட்டார். பனிமேல் ஓடுகிற மோட்டார் பனிவண்டியில். பின்னால் ஒரு பெட்டி கட்டியிருந்தது, மடியில் பட்டாணி சூப் வைத்த சட்டி. என் வீட்டு முன்னால்தான் முதலில் நிறுத்தினார்.

“என்னங்க அர்மாஸ், வழி இல்லன்னா நான் வராம இருந்துடுவேனா? எங்கப்பா மரம் வெட்டினவரு. பொறந்ததே பனிக்குள்ளதான்.”

“பாத்துப் போங்க. குறுகலா இருக்கும்.”

“பாத்தேன். ரொம்ப அழகா குறுகியிருக்கு. கயிறு பிடிச்ச மாதிரி.”

அவர் திரும்பிப் போகவில்லை. இங்கேதான் என் கணக்கில் ஒரு சிக்கல் வந்தது. நான் வழியைக் குறைத்தது ஒருவன் வெளியே போகாமல் இருக்க. இப்போது உள்ளே இரண்டு பேர். என்னையும் சீட்டாட அழைத்தார்கள், மறுக்கவில்லை. கிரிபேஜை மூன்று பேரும் ஆடலாம். ஆனால் லோரெட்டா சீட்டைப் பார்த்ததும் புள்ளிகளைக் கூட்டிவிடுகிறார், நான் விரல்விட்டு எண்ண ஆரம்பிக்கும் முன்பே. நான் விட்டுவிட்ட புள்ளியையும் தனக்கு எடுத்துக்கொள்வார். விதி அப்படித்தான். ஆனால் கிளேட்டன் இருபது வருஷத்தில் ஒருதடவைகூட அந்த விதியைப் பயன்படுத்தியதில்லை.

பிறகு நான் போகவில்லை. சாயங்காலம் என் வாசலில் நின்றால் அவர்கள் சிரிப்பது கேட்கும். பனி நிறைய இருந்தால் சத்தம் உறிஞ்சப்படும் என்பார்கள். இறுகிய பனி அப்படியல்ல, அது சத்தத்தைத் திருப்பி அனுப்பும்.

அப்போதுதான் தண்ணீர் தெளிக்க ஆரம்பித்தேன். அதைப் பற்றி மெல்வின் உன்னிடம் சொல்லியிருப்பார், தீயணைப்புக் குழுவில் கண் கூர்மையானவர். காலையில் என் சவுனாக் கொப்பரையில் தண்ணீர் சூடாக்கி, தோட்டத் தெளிப்பானில் ஊற்றிக்கொண்டு, கிளேட்டன் பாதையின் இரண்டு சுவர்களிலும் கீழிருந்து மேலாகத் தெளிப்பேன். சூடாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தெளிப்பானின் மூக்கிலேயே உறைந்துவிடும். ஒரு பூச்சு உறைந்த பிறகு அடுத்த பூச்சு. நாலைந்து பூச்சில் சுவர் கண்ணாடி மாதிரி ஆகிவிடும், கோடரி போட்டால் துள்ளும். சரிந்து யார் தலையிலாவது விழக் கூடாது என்பதற்காகச் செய்தேன்.

இன்னொரு காரணமும் உண்டு, அதையும் மறைக்கவில்லை. நாலு சுவருக்குள் ஒரு குளிர்காலம் முழுக்க இருந்து பார்க்காமல் இரண்டு பேர் சேர்ந்து வாழப் போவது ஆபத்து. சண்டை வருவதாக இருந்தால் ஈஸ்டருக்கு முன்னாலேயே வந்துவிடட்டும், வீட்டை விற்பதற்கு முன்னால். இதை அவர்களுக்கு நான் செய்த உதவியாகத்தான் கருதுகிறேன். சண்டைக்காகத் தினமும் காது கொடுத்துக் கேட்டேன். வரவில்லை. ஒருநாள் ஏதோ உடைந்தது. ஓடிப்போய்ச் சுவரோரம் நின்றேன். மறுபடி சிரிப்பு.

அவர்களை நான் அடைத்துவைத்ததாக நினைத்துவிடாதே. வெளியே பனிவண்டி நின்றது. என்றைக்கு வேண்டுமானாலும் இரண்டு பேரும் ஏறிப் போயிருக்கலாம். போகவில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை.

இனி சனிக்கிழமைக்கு வருகிறேன். சவுனாவைச் சூடாக்கியது லோரெட்டா. அவருக்குச் சவுனா அடுப்பும் சூப் அடுப்பும் ஒன்று. விறகைத் திணித்திருக்கிறார். புகைபோக்கி சிவந்து, கூரை பிடித்துக்கொண்டது. வெளிச்சம் இருக்கும்போதே நடந்தது, அது ஒரு நல்ல விஷயம். புகையைப் பார்த்ததும் நான்தான் தீயணைப்புக்கு போன் செய்தேன். அதையும் உன் விசாரணையில் சேர்த்துக்கொள்.

வண்டி சீக்கிரமே வந்தது. பாதை வாயிலில் நின்றது. எட்டடி வண்டி, ஐந்தடி வழி. ஆட்கள் குழாயைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். இணைத்து இணைத்து நீட்டினார்கள். விறகுக் கொட்டகைவரை வந்தது. சவுனா அதற்கும் பின்னால், ஓடைக்கரையில்.

நான் டிராக்டரில் ஏறினேன். பிளேடை நேராக்கினேன். அந்தப் பாதையில் பிளேடை நேராக்கியது அதுதான் முதல்முறை. முழு வேகத்தில் இடித்தேன். பிளேடு குனிந்தது, நிமிர்ந்தது. சுவர் அப்படியே இருந்தது. பின்னால் வந்து மறுபடி இடித்தேன். மறுபடி குனிந்தது. ஒவ்வொரு இடிக்கும் அது தலை தாழ்த்தி அந்தச் சுவருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்தது. நான் சொன்னேனே அந்த ஸ்பிரிங்குகள், அவை தங்கள் வேலையைச் சரியாகச் செய்தன. அப்புறம் கோணலாக ஒரு இடி. லோடரின் இடது கை முறுக்கிக்கொண்டது. பிளேடு இரண்டு சுவருக்கும் நடுவில் செருகி நின்றுவிட்டது. கிளேட்டனின் வெல்டிங் மட்டும் விடவில்லை. அதற்குமேல் உள்ளே போக வேண்டியவர்கள் என் டிராக்டர்மேல் ஏறி இறங்கிப் போனார்கள். மெல்வின் என் தோளை மிதித்துக்கொண்டு போனார். மன்னிப்புக் கேட்டார்.

நானும் அவர்கள் பின்னால் போனேன். சவுனா முழுசாகப் போய்விட்டது. ஓடைக்கரையில் இரண்டு பேரும் துண்டோடு நின்றார்கள், வேகவைத்த கிழங்கு மாதிரி சிவந்துபோய். கிளேட்டன் தலையில் வேட்டைத் தொப்பி. யாருக்கும் ஒரு கொப்புளம்கூட இல்லை. கிளேட்டன் நல்ல கையால் என்னை அணைத்துக்கொண்டான்.

“உன்னால முடிஞ்சதை நீ செஞ்சடா,” என்றான்.

லோரெட்டாதான் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“என்னங்க அர்மாஸ், இன்னிக்கி வெந்நீர் கொண்டு வரலியா?”

நெருப்பைப் பார்த்தவர்கள் தண்ணீரைப் பற்றிப் பேசுவது இயற்கைதான் என்று எடுத்துக்கொண்டேன்.

என் பக்கத்துக் கதை இவ்வளவுதான், கிறிஸ்டா. இதற்கு நீ என்ன பெயர் வைப்பாய் என்று எனக்குத் தெரியவில்லை. பேருந்து ஓட்டிய காலத்தில் ஒரு பிள்ளையைக்கூட நான் நடுவழியில் விட்டதில்லை. எல்லாரையும் வீட்டு வாசலில் இறக்கிவிட்டுத்தான் கதவை மூடுவேன்.

இப்போது நீ சொன்னதை யோசித்துக்கொண்டிருக்கிறேன். இன்னொருதடவை சொல்லு.

“கிளேட்டன் புகார் எதுவும் குடுக்கல. ‘அந்தப் பிளேடை வெல்டிங் பண்ணினவன் நான். அது எந்தக் கோணத்துல போகுதுன்னு படுத்துக்கிட்டே சத்தத்தை வச்சே சொல்லுவேன். கிறிஸ்மஸுக்கு முன்னாடியே தெரியும்’னு சொன்னாரு.”

தெரிந்துமா பாஸ்டி கொண்டுவந்தான்? தெரிந்தும் ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை?

“நீங்க சொல்லுவீங்கன்னு பாத்துட்டு இருந்தாராம். ‘போகாதடா’ன்னு ஒரு தடவை. பனிவண்டி வாசல்ல நின்னும் கிளம்பாம இருந்தது அதுக்குத்தானாம். சொல்லியிருந்தா ஈஸ்டருக்கு அப்புறமும் ரெண்டு பேரும் அந்த வீட்லயே இருந்திருப்பாங்களாம். லோரெட்டாவுக்கும் இந்த இடம் பிடிச்சுப் போச்சாம்.”

இப்போது?

“இப்ப சவுனா போயிடுச்சு. ஞாயித்துக்கிழமை கிளம்பறாங்க, அர்மாஸ். அதுக்குள்ள நீங்க போய்ச் சொல்லலாம். கதவைத் தட்டி ஒரு வார்த்தை. அவ்வளவுதான்.”

ரொட்டி இன்னொரு துண்டு எடுத்துக்கொள். நீ நல்ல பிள்ளை, நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறாய்.

சரி, இப்படிப் பதிவு செய்துகொள். நான், அர்மாஸ் கோர்பி, கிளேட்டன் ட்ரெம்பாத்தின் பாதையை நவம்பரிலிருந்து தெரிந்தே குறுக்கினேன். அவன் வண்டி வெளியே போகக் கூடாது என்பதற்காகக் குறுக்கினேன். சுவரை யாரும் உடைத்துவிடக் கூடாது என்பதற்காகத் தண்ணீர் தெளித்து உறைய வைத்தேன். அவனை வேண்டுமென்றே வீட்டுப்பக்கம் இழுத்துவிட்டேன். தீயணைப்பு வண்டி நின்றதற்கு நான்தான் காரணம். சவுனா எரிந்ததற்கும் பாதிக் காரணம் நான்தான். எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் போய் அவன் கதவைத் தட்டி, போகாதே, இங்கேயே இரு என்று மட்டும் என்னால் சொல்ல முடியாது. அறுபது வயது தாண்டிய மனிதன் எங்கே வாழ வேண்டும் என்பது அவனுடைய சொந்த விஷயம். அதில் அடுத்தவர் தலையிடுவது எனக்கு எப்போதுமே பிடிக்காது.